டிடாஸ் தாக்குதலும் சாலை மறியலும் ஒன்றா? பெயரிலிப் போராட்டத்துக்குச் சட்டம் போடும் கணக்கு

#1 – ஊசிப்பாறை

2010 டிசம்பரில் பேபால், மாஸ்டர்கார்டு, விசா மூன்றும் ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளத்துக்குப் போகும் நன்கொடையை நிறுத்தின. எந்த நீதிமன்றமும் உத்தரவு போடவில்லை. அதை எதிர்த்து அனானிமஸ் ('பெயரிலி') என்ற இணையக் குழுவின் பெயரில் ஆயிரக்கணக்கானோர் அந்தத் தளங்களுக்கு ஒரே நேரத்தில் கோரிக்கைகளை அனுப்பி முடக்கப் பார்த்தார்கள். இதைத்தான் டிடாஸ் தாக்குதல் என்கிறார்கள். யாரும் உள்ளே நுழையவில்லை, எதையும் திருடவில்லை, எதையும் அழிக்கவில்லை. ஒரு வாசலில் கூட்டமாக நின்றார்கள், அவ்வளவுதான். 2011 ஜூலையில் அமெரிக்காவில் 14 பேர் மீது குற்றப்பத்திரிகை வந்தது.

சாலை மறியல் செய்தால் நம்மூரில் காலையில் கைது, மாலையில் மண்டபத்திலிருந்து விடுதலை. அதே வேலையை இணையத்தில் செய்தால் ஏன் பத்தாண்டுச் சிறை வரைக்கும் போகும் பிரிவு? இதைச் சட்டப்படியான போராட்ட வடிவமாக ஏற்க வேண்டும் என்று 2013 ஜனவரியில் வெள்ளை மாளிகைத் தளத்தில் மனுவே போட்டார்கள். தேவையான கையெழுத்து சேரவில்லை. ஆனால் கேள்வி அப்படியே இருக்கிறது. ஜெர்மனியில் ஒரு நீதிமன்றம் போராட்டக்காரர் பக்கம் தீர்ப்பே கொடுத்திருக்கிறது. சட்டமும் நெட்வொர்க்கும் தெரிந்தவர்கள் பேசுங்கள்.

#2 – லாக்ஃபைல்

நெட்வொர்க் பக்கத்திலிருந்து பார்த்தால் உங்கள் படத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, ஊசிப்பாறை.

அன்று எல்லோரும் ஓட்டியது லோயிக் என்ற சிறிய நிரல். முகவரியை உள்ளிட்டு பொத்தானை அழுத்தினால் டிசிபி, யுடிபி, எச்டிடிபி என்ற இணைய நெறிமுறைகளில் ஏதோ ஒன்றில் கோரிக்கைகளை இடைவிடாமல் அனுப்பும். கட்டுப்பாட்டை ஒரு ஐஆர்சி அரட்டை அறையிடம் ஒப்படைக்கும் வசதியும் உண்டு. அதில் இல்லாத ஒன்று மறைப்பு. ஒவ்வொரு பாக்கெட்டிலும் (இணையத்தில் தரவு போகும் சிறு துண்டு) அனுப்புபவரின் உண்மையான ஐபி முகவரி, அதாவது இணைய இணைப்பின் எண், அப்படியே போனது. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அந்த டிசம்பரிலேயே சோதித்து எழுதிவிட்டார்கள். அனுப்புபவரை மறைக்கப் பல கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்பும் டோர் வலையமைப்பில் ஓட்டினாலும் பயனில்லை. டோர் யுடிபியைச் சுமக்காது. டிசிபி வெள்ளம் இலக்கைத் தொடும் முன்பே இடையிலுள்ள தன்னார்வலர்களின் ரிலேக்களைத்தான் மூச்சுத் திணற வைக்கும்.

பேபால் என்ன செய்தது? அதிகமாகப் பாக்கெட் அனுப்பிய சுமார் 1000 ஐபி முகவரிகளைப் பட்டியல் போட்டு எஃப்பிஐயிடம் கொடுத்தது. அங்கிருந்து இணைய நிறுவனம், வாடிக்கையாளர் பெயர், வீட்டு முகவரி, சோதனை வாரண்ட். இதற்குப் பெரிய துப்பறியும் திறமை எதுவும் தேவைப்படவில்லை.

இன்னொன்று மனதை உறுத்துவது. அந்தத் தாக்குதல்களின் உண்மையான பலம் ஒரு சிலர் கையிலிருந்த பாட்நெட்களிலிருந்து வந்தது. அதாவது வைரஸ் புகுந்த, உரிமையாளருக்கே தெரியாத கணினிகள். வீட்டிலிருந்து லோயிக் ஓட்டியவர்களின் பங்கு மிகச் சிறியது. அதே வாரம் அமேசானைத் தாக்க அறிவித்துவிட்டு, அந்தத் தளத்தை அசைக்க முடியாமல் கைவிட்டார்கள். கூட்டமாக வந்தவர்கள் உண்மையில் வாசலை மறிக்கவே இல்லை. மறித்த பாட்நெட் ஆட்கள் பின்னால் இருந்தார்கள், முன்னால் நின்ற கல்லூரிப் பிள்ளைகள் மாட்டினார்கள். "எல்லோரும் சேர்ந்தால் யாரையும் பிடிக்க முடியாது" என்று அரட்டை அறையில் சொல்லிக் கொடுத்தவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு.

#3 – கீழ்க்கோர்ட்

ஜெர்மன் தீர்ப்பை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், பாதி மட்டும் சொன்னால் ஆபத்து.

அகதிகளை நாடுகடத்த விமானம் தருவதை எதிர்த்து 2001 ஜூன் 20 அன்று, பங்குதாரர் கூட்டம் நடந்த நாளில், லுஃப்தான்சா தளத்தின் மீது 'இணைய ஆர்ப்பாட்டம்' நடந்தது. 13,000க்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் பங்கேற்றன. ஏற்பாட்டாளரைக் கீழ்நீதிமன்றம் 2005-ல் 'வற்புறுத்தல்' குற்றத்துக்காகத் தண்டித்து அபராதம் போட்டது. 2006 மே மாதம் ஃபிராங்ஃபர்ட் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மவுஸ் கிளிக் வன்முறையும் ஆகாது, மிரட்டலும் ஆகாது என்றது.

இனி மீதிக் கதை: 2007-ல் ஜெர்மனி தன் குற்றவியல் சட்டத்தின் 303பி பிரிவைத் திருத்தியது. தீங்கு விளைவிக்கும் நோக்கத்தோடு தரவை அனுப்பி ஒரு கணினிச் செயல்பாட்டைக் கணிசமாகக் குலைப்பதே குற்றம் என்றாகிவிட்டது. இன்று அந்தத் தீர்ப்பை நம்பி யாராவது இறங்கினால் நேராக உள்ளே போவார்கள். பிரிட்டனும் அப்படித்தான். 1990-ம் ஆண்டு கணினி முறைகேட்டுச் சட்டத்தின் 3-ம் பிரிவை 2006 சட்டத்தின் மூலம் திருத்தி, டிடாஸை அதற்குள் கொண்டுவந்தார்கள். அதிகபட்சம் 10 ஆண்டு.

அமெரிக்காவில் கணினி மோசடிச் சட்டத்தின் 1030 பிரிவு 'சேதம்' என்பதற்குத் தரும் விளக்கத்தில், தரவோ கணினியோ கிடைக்காமல் போவதும் அடங்கும். எனவே "உள்ளே நுழையவில்லை" என்பது அங்கே எதிர்வாதமே அல்ல. ஓராண்டுக் காலத்தில் குறைந்தது 5,000 டாலர் இழப்பு என்று காட்டிவிட்டால் சிறு குற்றம் பெருங்குற்றமாகும். இழப்பில் எதெல்லாம் சேரும்? தளம் முடங்கிய நேரத்து வருமானம் மட்டுமல்ல. என்ன நடந்தது என்று ஆராய்ந்த செலவு, சரிசெய்த ஆட்களின் சம்பளம், வெளியிலிருந்து அழைத்த ஆலோசகரின் பில், எல்லாம் சேரும். ஒரு பெரிய நிறுவனம் 5,000 டாலர் கணக்குக் காட்டுவது ஒரு பிற்பகல் வேலை.

பேபால் வழக்கில் 13 பேர் 2013 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பெரும்பாலோருக்கு ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, ஆளுக்கு 5,600 டாலர் இழப்பீடு. இபேயின் நிறுவனர் பியர் ஒமிதியாரே இவர்கள் மீது கருணை காட்டச் சொல்லி எழுதினார். அப்போது பேபால் இபேயின் கையில்தான் இருந்தது. அதே தாக்குதலுக்குப் பிரிட்டனில் ஒரு மாணவருக்கு 18 மாதச் சிறை. அவர் அரட்டை அறையை நிர்வகித்தவர். தாக்குதலில் தான் கைவைக்கவில்லை என்றார். கூட்டுச்சதிக்கு அது தேவையில்லை என்பதுதான் சட்டம்.

#4 – ஊசிப்பாறை

> ஒரு பெரிய நிறுவனம் 5,000 டாலர் கணக்குக் காட்டுவது ஒரு பிற்பகல் வேலை

இதைத்தான் நான் அநியாயம் என்கிறேன். 2011 பிப்ரவரியில் விஸ்கான்சினைச் சேர்ந்த ஒரு லாரி ஓட்டுநர் கோக் (Koch) இண்டஸ்ட்ரீஸ் என்ற பெருநிறுவனத்தின் தளத்தின் மீது லோயிக் ஓட்டினார். எவ்வளவு நேரம்? சுமார் ஒரு நிமிடம். தளம் முடங்கியது 15 நிமிடம். நேரடி இழப்பு 5,000 டாலருக்குக் குறைவு என்று இரண்டு தரப்புமே ஒப்புக்கொண்டன. சிறு குற்றமாகத்தான் முடிந்தது. ஆனால் இழப்பீடு 1,83,000 டாலர்! தளத்தைப் பாதுகாக்க நிறுவனம் ஆலோசகருக்குக் கொடுத்த பணம் அது. பூட்டே இல்லாத கதவுக்குப் பூட்டு வாங்கிய செலவை, கதவைத் தட்டியவன் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஒரு லாரி ஓட்டுநர் வாழ்நாளில் எப்போது கட்டி முடிப்பார்?

#5 – மீன்கொத்தி

நான் கல்லூரியில் படிப்பவன், கேள்வி அடிப்படையாக இருந்தால் மன்னிக்கவும். லாக்ஃபைல் அண்ணா, 2010-ல் அவர்கள் மறைக்கவில்லை, சரி. இன்று எல்லோரிடமும் ஐபியை மறைக்கும் விபிஎன் சேவை இருக்கிறது. அது இருந்தால் இந்த விவாதமே பழசு இல்லையா? இன்னொன்று, இந்தியாவில் இதற்கு என்ன பிரிவு?

#6 – லாக்ஃபைல்

தம்பி, மாட்டியவர்களில் பலர் விபிஎன் போட்டவர்கள்தான். வரிசையாகப் பாருங்கள்.

2011-ல் சோனி பிக்சர்ஸ் தளத்தை உடைத்த லல்ஸ்செக் என்ற ஹேக்கர் குழுவின் உறுப்பினர் ஹைட்மைஆஸ் என்ற கட்டண விபிஎன் பயன்படுத்தினார். அது பிரிட்டிஷ் நிறுவனம். எந்த நேரத்தில் எந்த வாடிக்கையாளர் இணைந்தார் என்ற லாக் (பதிவேடு) அவர்களிடம் இருந்தது. நீதிமன்ற ஆணை வந்தது, கொடுத்துவிட்டார்கள். அவருக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறை, 6,05,663 டாலர் இழப்பீடு. விபிஎன் என்பது உங்கள் இணைய நிறுவனத்தின் மீதிருந்த நம்பிக்கையை வேறொரு நிறுவனத்தின் மீது மாற்றி வைப்பது. நம்பிக்கை வைக்கவேண்டிய தேவை அப்படியே இருக்கிறது.

லல்ஸ்செக் தலைவர் 'சாபு' ஒரே ஒரு முறை டோர் இல்லாமல் ஐஆர்சியில் நுழைந்தார். 2011 ஜூன் 7 அன்று வீட்டுக் கதவைத் தட்டினார்கள், அடுத்த நாளே எஃப்பிஐக்கு உளவு சொல்ல ஆரம்பித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் ஸ்ட்ராட்ஃபர் என்ற உளவுப் பகுப்பாய்வு நிறுவனத்தை உடைத்துத் தரவை இறக்கியபோது, அதைச் சேமிக்க சாபு கொடுத்த சர்வர் எஃப்பிஐயுடையது. உடைத்த ஜெரமி ஹேமண்ட் டோர் ஒழுங்காகப் பயன்படுத்தியவர்தான். அவர் வீட்டு வைஃபையிலிருந்து டோருக்குப் போக்குவரத்து எப்போது தொடங்குகிறது, எப்போது நிற்கிறது என்று மட்டும் பார்த்தார்கள். வீட்டைவிட்டு அவர் வெளியே போனதைத் தெருவில் நின்ற அதிகாரி குறித்தார். அதே நேரம் அவருடைய புனைபெயர் அரட்டையிலிருந்து மறைந்ததை சாபு உறுதி செய்தார். மறையாக்கம் எதையும் உடைக்கவில்லை. இரண்டு கடிகாரங்களை ஒப்பிட்டார்கள். ஹேமண்டுக்கு 10 ஆண்டு. சாபுவுக்கு ஏற்கெனவே கழித்த 7 மாதமே தண்டனை.

2012-ல் கேபின்குரூ என்ற ஹேக்கர் குழு ஆள் ஒருவர் காவல்துறைத் தளங்களை உடைத்துவிட்டு, வாசகம் எழுதிய அட்டையோடு தோழியின் படத்தை வெளியிட்டார். ஐபோன் அந்தப் படத்துக்குள்ளேயே ஜிபிஎஸ் இடத்தைப் பதித்திருந்தது. மெல்போர்னில் அவள் வீடு வரை காட்டியது. அவருக்கு 27 மாதச் சிறை.

இவற்றில் எங்கும் கருவியின் கணிதம் தோற்கவில்லை. பழக்கம் தோற்றது, கூட இருந்தவர் தோற்றார். செய்தியாளருக்குத் தகவல் கொடுப்பவருக்கும், வன்முறைக்குத் தப்பி வாழும் பெண்ணுக்கும் டோர் உயிர்காக்கும் பொருள். அதை எதிர்த்து நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் குற்ற வழக்கு பதிவாகி, அரசு ஆண்டுக்கணக்கில் பொறுமையாகத் தேடும்போது ஒரு தவறு போதும்.

#7 – கீழ்க்கோர்ட்

இந்தியப் பிரிவுகள், மீன்கொத்திக்கு.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000. 43-ம் பிரிவில் அனுமதியின்றிச் செய்யும் செயல்களின் பட்டியல்: அணுகுவது, நகலெடுப்பது, இயக்கத்தைக் குலைப்பது, அனுமதி உள்ளவர் அணுக முடியாமல் தடுப்பது. டிடாஸ் கடைசி இரண்டில் வரும். இது இழப்பீட்டுக்கான சிவில் பிரிவு. அதே செயலை 'நேர்மையற்று' அல்லது 'மோசடியாக' செய்தால் 66-ம் பிரிவு, 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். நேர்மையற்று என்றால் தனக்கு லாபம் தேடுவது மட்டும் என்று நினைக்காதீர்கள். பிறருக்குத் தவறான நட்டம் விளைவிக்கும் எண்ணமும் அதில் அடங்கும். "ஒரு பைசா சம்பாதிக்கவில்லை" என்பது உதவாது.

அரசு 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு' என்று அறிவித்த கணினியில் நுழைந்தால், நுழைய முயன்றாலும், 70-ம் பிரிவு, 10 ஆண்டு வரை. நாட்டின் ஒருமைப்பாடு, பாதுகாப்பை அச்சுறுத்தும் நோக்கம் என்று சேர்த்து, உயிருக்கோ அத்தியாவசிய சேவைக்கோ ஆபத்து என்றும் காட்டினால் சைபர் பயங்கரவாதத்துக்கான 66எஃப், ஆயுள் சிறை வரை. அந்தப் பிரிவின் வாசகத்திலேயே 'அணுகலை மறுப்பது' என்று இருக்கிறது. மின்வாரியத் தளத்தைத் தொடுபவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

விபிஎன் பற்றி: 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட செர்ட்-இன் (மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) ஆணைப்படி விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் பெயர், முகவரி, ஒதுக்கிய ஐபி ஆகியவற்றை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் மூன்றும் இந்தியாவிலிருந்த சர்வர்களையே எடுத்துவிட்டன. எனக்கு இந்த ஆணை பிடிக்கவில்லை. குற்றம் செய்யாத கோடிப் பேரின் விவரத்தைச் சேர்த்து வைக்கச் சொல்வது தவறு.

சென்னைக்கு நேரடித் தொடர்புள்ள ஒன்றும் உண்டு. 2012-ல் இரண்டு திரைப்படங்களின் திருட்டுப் பதிப்பைத் தடுக்க, பெயர் தெரியாத பிரதிவாதிகள் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை ஆணை வாங்கினார்கள். அதை வைத்து இணைய நிறுவனங்கள் வீடியோ தளமான விமியோ உட்படத் தளங்களை முழுதாக மூடின. மே 17 அன்று அனானிமஸ் உச்ச நீதிமன்றம், காங்கிரஸ் கட்சித் தளங்களைத் தாக்கியது. ஜூன் 9 அன்று பல நகரங்களில் முகமூடியோடு தெருவில் நின்றார்கள். அது முழுக்கச் சட்டப்படி சரி. பூட்டைத் திறந்தது எது? இணைய நிறுவனங்கள் நீதிமன்றத்தில் போட்ட மனு. குறிப்பிட்ட பக்க முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும், தளம் முழுவதையும் அல்ல என்று ஜூன் மாதத்திலேயே உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

#8 – யாழ்நிலவன்

இலங்கை அனுபவத்தையும் சேர்த்துப் பாருங்கோ. 2022 ஏப்ரலில் பொருளாதார நெருக்கடியில சனம் வீதிக்கு வந்த நேரம், அனானிமஸ் பெயரில மின்சார சபை, பொலிஸ், குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் ஆகியவற்றின்ர இணையத்தளங்கள் தாக்கப்பட்டன. அதோட நிக்கேல்ல. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சார்ந்த தரவுத்தளத்தில இருந்து ஆயிரக்கணக்கான பயனர் பெயர், கடவுச்சொல், மின்னஞ்சல் எல்லாம் பகிரங்கமா வெளியில வந்தது. அதில இருந்தவை ராஜபக்சக்களா? வேலை முகவர்கள், சாதாரண ஆக்கள்.

ஒரே கடவுச்சொல்லைத்தான் பலர் மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வைத்திருப்பினம். வெளியில வந்த பட்டியலை வைத்து மற்றத் தளங்களில தானியங்கியா நுழைஞ்சு பாக்கிற கள்ளர் கூட்டம் எந்த நாட்டிலயும் இருக்கு. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த மார்ச்சில தான் சான்றுப்படுத்தப்பட்டது, முக்கிய பிரிவுகள் அப்ப நடைமுறைக்கே வரேல்ல. பாதிக்கப்பட்டவர் போய் முறையிட ஒரு இடம் இருக்கேல்ல. தளத்தை ஒரு மணித்தியாலம் முடக்கினதை நான் மன்னிப்பன். தரவைக் கொட்டினதை ஒருக்காலும் மன்னிக்க ஏலாது. ஊசிப்பாறை அண்ணை இரண்டையும் ஒரே பெயரில கூப்பிடாதேங்கோ.

#9 – ஊசிப்பாறை

ஏற்கிறேன். நான் பேசுவது முடக்கத்தைப் பற்றி மட்டும். தரவுக் கசிவு என் வாதத்துக்குள் வராது.

#10 – லாக்ஃபைல்

யாரும் தொடாத ஒரு பக்கம்: தவறான ஆளைப் பிடிப்பது. 2007-ல் ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தில் வந்த பதிவு ஒன்றுக்காக பெங்களூரு மென்பொறியாளர் ஒருவரைப் புனே காவல்துறை கைது செய்தது. 50 நாள் சிறை. பிறகுதான் தெரிந்தது, அந்த ஐபி முகவரி அந்த நேரத்தில் அவருடையதே அல்ல.

இன்று இந்த ஆபத்து பெரிதாகியிருக்கிறது. கைபேசி இணையத்தில் ஒரே பொது ஐபி முகவரியைப் பலநூறு பேர் ஒரே நேரத்தில் பகிர்கிறார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது சோர்ஸ் போர்ட் எண் (ஒவ்வொரு இணைப்புக்கும் ஒதுக்கும் எண்) மட்டும்தான். என்ஜின்எக்ஸ், அப்பாச்சி என்ற வலை சர்வர் மென்பொருள்கள் இரண்டுமே வழக்கமான லாக்கில் அந்த எண்ணை எழுதுவதில்லை. சர்வர் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடும், விசாரணைக் கடிதம் இந்திய நேரத்தில் போகும். ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போனால் அந்த ஐபி வேறொரு வீட்டில் இருக்கும்.

தளம் நடத்துபவர்கள் தாக்குதலுக்கு முன்பே செய்யவேண்டியது: லாக் வடிவத்தில் சோர்ஸ் போர்ட்டைச் சேருங்கள். நேரத்தோடு மண்டலத்தையும் எழுதுங்கள். கடிகாரத்தை என்டிபி என்ற நேர ஒத்திசைவுச் சேவையோடு இணையுங்கள். கிளவுட்ஃப்ளேர் போன்ற இடைநிலைப் பாதுகாப்புச் சேவைக்குப் பின்னால் இருந்தால், வருகையாளரின் உண்மை ஐபி, கோரிக்கையோடு வரும் தலைப்பிலிருந்து (ஹெடர்) எடுக்கப்படுகிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் லாக் முழுக்க கிளவுட்ஃப்ளேர் முகவரிதான் இருக்கும். டெபியன், உபுண்டு இயங்குதளங்களில் வலை லாக் இயல்பாக 14 நாளில் அழியும். செர்ட்-இன் கேட்பது 180 நாள். தாக்குதல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

நடந்த பிறகு: லாக் கோப்பைத் திறந்து திருத்தாமல் நகலெடுங்கள். எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் (கோப்பு மாறினால் காட்டிக்கொடுக்கும், கைரேகை போன்ற மதிப்பு) எடுத்து, எடுத்தவர், நேரம் எல்லாம் எழுதி வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63(4) சான்றிதழில் ஹேஷ் மதிப்பு கேட்கிறார்கள். அது இல்லாமல் கொடுத்த பிரின்ட்-அவுட்டை எதிர்த்தரப்பு முதல் நாளிலேயே உடைத்துவிடும். சந்தேகிக்கப்பட்டவர் பக்கம் நிற்கும் வழக்கறிஞரும் இதே பட்டியலைத்தான் தலைகீழாகப் பார்க்க வேண்டும்: போர்ட் எண் எங்கே, நேர மண்டலம் எது, ஹேஷ் எப்போது எடுத்தது.

#11 – மீன்கொத்தி

நன்றி அண்ணா. கடைசியாக ஒன்று. ஒரு அரசுத் தளத்தில் முகவரியில் உள்ள எண்ணை மாற்றினாலே அடுத்தவர் விண்ணப்பம் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வெளியே சொன்னால்தான் சரிசெய்வார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது சரியா?

#12 – கீழ்க்கோர்ட்

வேண்டாம். நல்லெண்ண ஆய்வாளருக்கு நம் சட்டத்தில் விலக்கு இல்லை. அமெரிக்காவில்கூட நல்லெண்ண ஆய்வில் வழக்குப் போடுவதில்லை என்பது 2022-ல் நீதித்துறை தனக்கே வகுத்துக்கொண்ட கொள்கைதான், சட்டத் திருத்தம் அல்ல. 43-ம் பிரிவில் அனுமதியில்லா அணுகலே போதும், நோக்கம் பற்றிய பேச்சு 66-ல்தான் வருகிறது.

அடுத்தவர் பதிவு ஒன்று கண்ணில் பட்டதும் நிறுத்துங்கள். "எத்தனை பேருடையது தெரிகிறது" என்று ஆயிரம் எண்ணை ஸ்கிரிப்ட் போட்டு ஓட்டிப் பார்ப்பதுதான் பலரை வழக்கில் மாட்டவைக்கிறது. திரைப்பிடிப்பில் பெயர், ஆதார் எண்ணை மறையுங்கள். தரவைச் சேமிக்காதீர்கள். செர்ட்-இன்னில் பொறுப்பான பாதிப்பு அறிவிப்புக்கு முறை இருக்கிறது, முக்கியக் கட்டமைப்பு என்றால் அதற்கான மத்திய அமைப்பு என்சிஐஐபிசி. எந்தப் பக்கம், எந்த எண், என்ன நடக்கிறது, எந்தத் தேதி, நேரம் என்று எழுதி அனுப்புங்கள். பணம் கேட்காதீர்கள், காலக்கெடு மிரட்டல் வேண்டாம். அந்த இரண்டு வரி இருந்தால் மிரட்டிப் பணம் பறித்தல் பிரிவையும் சேர்ப்பார்கள்.

#13 – ஊசிப்பாறை

என் நிலையைத் திருத்திச் சொல்கிறேன். டிடாஸ் முழுவதும் குற்றமற்றது என்று ஆக்கவேண்டாம். தரவைத் தொடாத, பாட்நெட் பயன்படுத்தாத, ஒருவர் தன் ஒரே கணினியிலிருந்து செய்த குறுகிய நேர முடக்கத்தைத் தனிச் சிறு குற்றமாகப் பிரிக்க வேண்டும். இழப்பீட்டில் அந்த நபர் விளைவித்த பங்கு மட்டும் வரவேண்டும். நிறுவனத்தின் புதிய பாதுகாப்புச் செலவு வரவே கூடாது.

#14 – கீழ்க்கோர்ட்

பாட்நெட்டைப் பிரித்தது சரியான இடம். 2014 ஏப்ரலில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையை ஒருவர் தாக்கினார். ஒரு சிறுமியைப் பெற்றோரிடமிருந்து பிரித்தது அநியாயம் என்பது அவர் காரணம். சுமார் 40,000 ரவுட்டர்களில் நிரலைப் புகுத்தி அனுப்பிய வெள்ளம் அந்த மருத்துவமனையோடு நிற்கவில்லை, அதே வட்டாரத்திலிருந்த மற்ற மருத்துவமனைகளின் இணைப்பையும் துண்டித்தது. இரண்டு வாரத்துக்கு மேல் பாதிப்பு. 2019-ல் 10 ஆண்டுக்கு மேல் தண்டனை. எந்தக் காரணமும் அதை நியாயமாக்காது. தாக்குபவருக்குத் தன் பாக்கெட் எங்கே போய் எதை உடைக்கும் என்று தெரியாது. மறியலில் நிற்பவர் ஆம்புலன்ஸ் வந்தால் கண்ணால் பார்த்து வழிவிட முடியும், இங்கே முடியாது. அதனால் குற்றவியல் பொறுப்பு முழுசாகப் போகக்கூடாது.

ஆனால் நீங்கள் கேட்கும் சிறு குற்றப் பிரிவுக்குப் புதுச்சட்டம் தேவையில்லை, 43-ம் பிரிவே போதும். அதன்கீழ் 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை விசாரிக்கும் தீர்ப்பு அதிகாரியாக மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலாளர் இருக்கிறார். 47-ம் பிரிவு அவர் பார்க்கவேண்டியதை வரையறுத்திருக்கிறது: செய்தவர் அடைந்த லாபம், பாதிக்கப்பட்டவரின் இழப்பு, எத்தனை முறை செய்தார் என்பது. முதல் முறை, தரவு தொடவில்லை, ஒற்றைக் கணினி என்றால் 66-ல் எஃப்ஐஆர் போடாமல் இந்த வழிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு காவல்துறைச் சுற்றறிக்கை வந்தால் போதும். உங்கள் 1,83,000 டாலர் பிரச்சினைக்கு 'இழப்பு' என்ற சொல்லில் வருங்காலப் பாதுகாப்புச் செலவு அடங்காது என்று 47-க்கு ஒரு விளக்கம் சேர்க்க வேண்டும். அதற்கு நாடாளுமன்றத் திருத்தம் வேண்டும். வரைவு எழுதுவதாக இருந்தால் நான் சேர்ந்துகொள்கிறேன்.